தோல் ஒட்டு அறுவை முடிந்து 24 நாட்கள்: இயந்திர இயன்முறை (பிசியோதெரபி) சிகிச்சையை இப்போது தொடங்கலாமா?

கேள்வி: கரும்பாலை வீட்டுப் பெண், கடத்தூர்

அனைவருக்கும் வணக்கம். கடத்தூருக்கு அருகில் எங்களுக்குச் சிறிய கரும்பாலை ஒன்று இருக்கிறது. சென்ற மார்கழியில், பொங்கல் வெல்லத்துக்காக இரவு பகலாக அடுப்பு எரிந்துகொண்டிருந்த நாட்களில், கொப்பரையிலிருந்து பாகை மாற்றும்போது கால் இடறி என் கணவரின் வலது கையில் பாகு கொட்டிவிட்டது. வெந்நீர் என்றால் வழிந்து ஓடிவிடும். பாகு ஒட்டிக்கொண்டு நின்று வேகவைக்கும் என்பது ஆலை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். காயம் ஆறியது. ஆனால் ஆறும்போதே முழங்கையின் உள்மடிப்பில் தோல் இறுகி, கை ஏறக்குறையச் செங்கோணத்தில் மடங்கியபடி நின்றுவிட்டது. சுண்டுவிரலும் உள்ளங்கைப் பக்கம் வளைந்துவிட்டது.

24 நாட்களுக்கு முன்பு சேலத்தில் உள்ள ஒரு மருத்துவமனையில் அந்த இறுக்கத்தை விடுவித்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். கட்டைப் பிரித்தபோது தோல் நன்றாகப் பிடித்திருக்கிறது என்றார்கள். முழங்கைக்கு அருகில் ஒரு மிளகளவு இடம் மட்டும் இன்னும் ஈரமாக இருக்கிறது. சுண்டுவிரலை நேராக நிறுத்த வைத்த மெல்லிய கம்பி இன்னும் எடுக்கப்படவில்லை. கையை நீட்டி வைக்க ஸ்பிளிண்ட் என்ற தாங்கி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அது உறுத்துகிறது என்று அவர் பாதி நேரம் கழற்றி வைத்துவிடுகிறார்.

இந்த நிலையில் தருமபுரி நகரில் ஒரு தனியார் மையத்தில் விசாரித்தோம். லேசர், அல்ட்ராசவுண்ட், கரண்ட் என்று மூன்று இயந்திரங்களையும் சேர்த்து 30 நாட்களுக்கு 18,000 ரூபாய் கேட்கிறார்கள். ஆறு மாதத்தில் கிடைக்கும் பலன் இரண்டு மாதத்தில் கிடைத்துவிடும் என்றும் சொன்னார்கள். அடுத்த பருவத்துக்குள் அவர் வேலைக்குத் திரும்பினால்தான் எங்களுக்குக் கடன் அடையும் என்பதால் அந்தச் சொல் மனத்தைப் பிடித்துக்கொண்டது. இயந்திரம் வைத்தால் உண்மையிலேயே விரைவில் குணமாகுமா? இப்போதே தொடங்கலாமா? தினமும் பேருந்தில் போய்வருவதற்குப் பதிலாக ஓர் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடியுமா?


பதில் 1: இயன்முறை மருத்துவர், கிருஷ்ணகிரி

சகோதரி, உங்கள் கணவரின் கையைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை முதலில் மனத்தில் வையுங்கள். கம்பி இருக்கும்போதும், ஈரமான இடம் ஆறாதபோதும், அறுவை செய்த மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் எந்த இயந்திரத்தையும் அந்தக் கையில் வைக்க விடாதீர்கள்.

ஒட்டிய தோலுக்கு என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். முதல் இரண்டு நாட்கள் அந்தத் தோல் கீழே உள்ள காயத்தின் நீரை உறிஞ்சித்தான் உயிர் வாழ்கிறது. அதன் பிறகு கீழிருந்து இரத்த நாளங்கள் வந்து சேர்ந்து, ஐந்து முதல் ஏழு நாட்களுக்குள் இரத்த ஓட்டம் நிலைபெறுகிறது. அந்தக் கட்டத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். ஆனால் பிடித்த தோல் அடுத்த பல மாதங்களுக்குச் சுருங்க முயன்றுகொண்டே இருக்கும். தொடையிலிருந்து மெல்லிய படலமாகச் சீவி எடுக்கும் தோல், முழுத் தடிமனில் எடுத்து ஒட்டும் தோலைவிட அதிகமாகச் சுருங்கும். தழும்பு முதிர்ந்து அடங்க ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். இந்தக் காலத்தை இரண்டு மாதமாகக் குறைக்கும் இயந்திரம் எதுவும் இல்லை. இயந்திரம் வலியையும் விறைப்பையும் குறைத்து, உடற்பயிற்சி செய்வதற்கு ஏற்ற அரைமணி நேரத்தை உண்டாக்கித் தரும். அந்த அரைமணி நேரத்தில் கையை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்தால்தான் பலன். இயந்திரத்தை வைத்து எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினால் பணம் போனதுதான் மிச்சம்.

அவர்கள் சொன்ன மூன்றையும் பார்ப்போம். லேசர் என்ற சொல்லில்தான் குழப்பம் அதிகம். தோல் மருத்துவர்களும் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்களும் தீக்காயத் தழும்பில் நுண்ணிய துளைகளை இட்டு அதைத் தளர்த்தப் பயன்படுத்தும் கார்பன் டை ஆக்சைடு லேசர் வேறு. இயன்முறை மையங்களில் இருக்கும் குறைந்த திறன் லேசர் வேறு. பின்னது தோலைச் சுடுவதோ வெட்டுவதோ இல்லை. 1967-இல் ஹங்கேரியில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், முடி மழித்த எலிகளின் மேல் மெல்லிய லேசர் ஒளியைச் செலுத்தியபோது முடி விரைவாக வளர்ந்ததைக் கண்டதிலிருந்து தொடங்கிய வழி அது. ஆறாத சிறு புண்ணுக்கும் வலிக்கும் அது ஓரளவு உதவலாம். ஆனால் இறுகும் தோலை அது நீட்டாது. வைக்கும்போது சிகிச்சை தருபவர், பெறுபவர் இருவரும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். அந்தக் கண்ணாடி இல்லாத மையத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அல்ட்ராசவுண்ட் என்றவுடன் ஸ்கேன் எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். இது படம் எடுக்கும் கருவி அன்று. ஒலியலைகளைத் திசுவுக்குள் செலுத்தும் கருவி. தோலுக்கு அருகில் உள்ள தழும்புக்கு 3 மெகாஹெர்ட்ஸும், ஆழத்தில் உள்ள தசைக்கு 1 மெகாஹெர்ட்ஸும் பயன்படுத்துவோம். கருவியின் தலைப்பகுதியை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் அந்த இடம் சூடேறும். ஈரமான காயத்தின் மேல் சாதாரண முறையில் வைக்கக் கூடாது. தோல் முழுவதும் மூடி, தழும்பு தடித்து, கீழே உள்ள தசையோடு ஒட்டிக்கொண்டது போன்ற உணர்வு வரும்போது, பல வாரங்கள் கழித்து, கையால் நீவுவதற்கு முன்பு இதைச் சிறிது நேரம் வைப்பது உண்டு. அதன் பலனைக் குறித்து ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. என் அனுபவத்தில் நீவுதல் செய்யும் வேலையே பெரிது.

கரண்ட் என்று நம் ஊரில் எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைக்கிறோம். அதில் இரண்டு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். டென்ஸ் என்பது வலியை அடக்குவதற்கானது. தோலில் ஏற்படும் மெல்லிய துடிப்பு, வலிச் செய்தி மூளைக்குச் செல்வதைத் தடுக்கிறது. இதற்கான கோட்பாட்டை மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965-இல் முன்வைத்தார்கள். தொடையில் தோல் எடுத்த இடம் ஆறும்வரை ஒட்டிய இடத்தைவிட அதிகமாக எரியும் என்பதால் சிலருக்கு இது ஆறுதல் தரும். மற்றது தசையைச் சுருங்கச் செய்யும் கருவி. உங்கள் கணவரின் முழங்கை பல மாதங்கள் மடங்கியே இருந்ததால், கையை நீட்டும் பின்பக்கத் தசை வேலையை மறந்து மெலிந்திருக்கும். அதை எழுப்ப இந்தக் கருவி உண்மையிலேயே பயன்படும். உங்கள் விஷயத்தில் நான் முதலில் கேட்கும் இயந்திரம் இதுதான். ஆனால் கருவியின் ஒட்டுப் பட்டைகளை நல்ல தோலில்தான் வைக்க வேண்டும், ஒட்டிய தோலில் வைக்கக் கூடாது. கரண்ட் தசையை இழுக்கும்போது அவரும் சேர்ந்து கையை நீட்ட முயல வேண்டும். படுத்துக்கொண்டு செல்பேசி பார்த்தால் தசை எதையும் கற்றுக்கொள்ளாது.

சூடு தரும் கருவிகள் எல்லாவற்றையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஒட்டிய தோலில் உணர்வு இல்லை. சூடு அதிகமானால் அவருக்குத் தெரியாது. கையை முக்கி எடுக்கும் உருகிய மெழுகுத் தொட்டி வழக்கமாக 50 முதல் 54 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும். தோல் முழுவதும் ஆறிப் பழகிய பிறகு, வெப்பத்தைக் குறைத்து, விறைத்த விரல்களுக்கு அதைப் பயன்படுத்தலாம். மின்காந்த அலைகளால் ஆழத்தில் சூடேற்றும் ஷார்ட்வேவ் டயத்தெர்மி என்ற கருவியைக் கம்பி இருக்கும் கையில் வைக்கவே கூடாது. உலோகம் சூடேறி உள்ளே சுட்டுவிடும்.

இனி நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்ட ஸ்பிளிண்டுக்கு வருகிறேன். கழற்றி வைத்துவிடுகிறார் என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் கவலையளிக்கிறது. பயிற்சி நேரம், குளியல் நேரம் தவிர அது கையிலேயே இருக்க வேண்டும். பின்னர் பகலில் குறைத்தாலும் இரவில் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். உறுத்தினால் கழற்றக் கூடாது. செய்து கொடுத்தவரிடம் போய்ச் சூடு காட்டி வளைத்து, உறுத்தும் இடத்தில் மெத்தை வைத்துச் சரிசெய்து வாங்க வேண்டும். தோல் முழுவதும் மூடியதும் தழும்பை இறுக்கிப் பிடிக்கும்படி அளவெடுத்துத் தைத்த அழுத்த உடை வேண்டும். அதை ஒரு நாளில் 23 மணி நேரம் அணிய வேண்டும். துவைத்து மாற்ற இரண்டு தேவை. தளர்ந்துவிடும் என்பதால் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை புதிது வாங்க வேண்டும். தழும்பு தடிக்கும் இடத்தில் சிலிக்கான் தாளை நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல் வைக்கலாம். ஒட்டிய தோலில் வியர்வைச் சுரப்பியும் எண்ணெய்ச் சுரப்பியும் இல்லாததால் அது வறண்டு வெடிக்கும். நாள்தோறும் மூன்று நான்கு முறை தேங்காய் எண்ணெய் தடவி மெதுவாக நீவ வேண்டும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். விரைவில் நீட்டிவிட வேண்டும் என்று யாரும் அவருடைய முழங்கையை வலுவாக இழுக்க அனுமதிக்காதீர்கள். தீக்காயத்துக்குப் பிறகு முழங்கை மூட்டைச் சுற்றித் தேவையற்ற எலும்பு வளர்வது உண்டு. முரட்டு இழுப்பு அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அவரே நீட்டட்டும், அல்லது ஸ்பிளிண்ட் மெதுவாக நீட்டட்டும்.

வாடகை இயந்திரம் குறித்து: டென்ஸ் கருவியைக் கற்றுக்கொண்டு வீட்டில் பயன்படுத்தலாம். லேசரையும் அல்ட்ராசவுண்டையும் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம்.


பதில் 2: பிரஸ் ஷாப் தொழிலாளி, ஓசூர்

அக்கா, நான் மருத்துவன் அல்லன். ஆனால் இயந்திரத்தை நேரத்துக்கு முன்பே வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் வலது கை நடுவிரலே சான்று என்பதால் எழுதுகிறேன். சிப்காட் பக்கத்தில் ஒரு சிறிய பட்டறையில் தகட்டின் விளிம்பு என் விரலை மடிப்புக்கு அருகில் அறுத்துவிட்டது. மடக்கும் நரம்பு அறுந்துவிட்டது என்று வீட்டில் சொன்னோம். உண்மையில் அறுந்தது தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண், அதனோடு ஒரு பக்கத்து உணர்வு நரம்பும் சேர்ந்து அறுந்தது. இரண்டையும் தைத்து, புறங்கையின் மேல் ஸ்பிளிண்ட் வைத்து, நகத்திலிருந்து மணிக்கட்டுக்கு ஒரு ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டி அனுப்பினார்கள். விரலை நான் நீட்ட வேண்டும், மடக்கும் வேலையை ரப்பர் செய்யும் என்பது ஏற்பாடு. அப்படிச் செய்தால் தையல் மேல் பாரம் ஏறாமலே தசைநாண் சுற்றியுள்ள உறையோடு ஒட்டிக்கொள்ளாமல் அசையும் என்று விளக்கினார்கள்.

மூன்றாவது வாரத்தில் விரல் விறைப்பாக இருக்கிறதே என்று பயந்து, அறுவை செய்தவரிடம் கேட்காமல், உறவினர் ஒருவர் சொன்ன மையத்துக்குப் போனேன். அங்கே முன்கையில் கரண்ட் வைத்து விரலை மடங்கச் செய்தார்கள். இரண்டாம் நாள் உள்ளே ஏதோ அறுந்தது போன்ற உணர்வு. அதன் பிறகு விரல் நுனி தானாக மடங்கவில்லை. தைத்த தசைநாண் தொடக்க வாரங்களில் மிகவும் பலவீனமாக இருக்கும் என்பதும், கருவி இழுக்கும் வேகத்தை நம்மால் கட்டுப்படுத்த முடியாது என்பதும் பின்னால்தான் தெரிந்தது. இரண்டாவது முறை முன்கையிலிருந்து வேறொரு தசைநாணை எடுத்து வைத்தார்கள். அந்த முறை ஆறு வாரங்கள் ஸ்பிளிண்டைக் கழற்றவே இல்லை. 12 வாரங்கள் முடிந்த பிறகுதான் பாரம் தூக்கினேன். கரண்ட் வைத்தார்கள், ஆனால் எட்டாவது வாரத்தில், அறுவை செய்தவர் எழுதிக் கொடுத்த பிறகு.

உணர்வு திரும்பும் வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தைத்த நரம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் என்றார்கள். காயத்திலிருந்து விரல் நுனி வரை அளவுகோல் வைத்துப் பார்த்து நாட்களை நானே எண்ணிக்கொண்டேன். தட்டினால் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வாரந்தோறும் சிறிது சிறிதாக நுனியை நோக்கி நகர்ந்தது. அதை விரைவுபடுத்த நான் எங்கும் பணம் கட்டவில்லை.


பதில் 3: விவசாயி, பென்னாகரம்

மேலே எழுதியவர்கள் மென்மையாகச் சொல்கிறார்கள். நான் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். என் தந்தையின் காலில் தோல் ஒட்டிய பிறகு 40 நாட்கள் இயந்திரம் வைத்தோம். ஒரு பலனும் இல்லை. பத்து நிமிடம் கரண்ட், பத்து நிமிடம் விளக்கு, ரசீது, அவ்வளவுதான். நடக்கவைத்தவர் கடைசியில் என் தாயார்தான். 18,000 ரூபாய்க்கு ஒரு கறவை ஆடும் குட்டிகளும் வாங்கலாம்.


பதில் 4: இயன்முறை மருத்துவர், கிருஷ்ணகிரி

பென்னாகரத்து நண்பரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் குற்றம் கருவியுடையது அன்று, கருவியோடு நின்றுவிட்டவர்களுடையது. அதே அறுவைத் துறையில் இயந்திரம் இல்லாமல் முடியாத இடங்களும் உண்டு. பெரிய காயத்தில் தோல் ஒட்டும்போது மேலே பஞ்சு வைத்து மூடி, 125 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு எதிர் அழுத்தத்தில் உறிஞ்சும் கருவியை ஐந்து நாட்கள் இணைத்து வைத்தால், கீழே நீர் தேங்காமல் தோல் நகராமல் பிடிக்கும். முக நரம்பு, கை நரம்பு தைத்தவர்களுக்குத் தசையின் நிலையை அறியவும் பயிற்சிக்கும் கருவிகள் தேவைப்படுகின்றன.

எது பயன் தருகிறது என்பதை அறிய ஓர் எளிய வழி சொல்கிறேன், சகோதரி. கோணமானி என்று பிளாஸ்டிக்கில் ஓர் அளவி இருக்கிறது. எங்கள் தொழிலில் இதைவிட மலிவான, இதைவிட நேர்மையான கருவி வேறில்லை. முதல் நாள் முழங்கை எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு மடங்குகிறது என்று அளந்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில், ஒரே முறையில் அளக்க வேண்டும். இரண்டு வாரங்கள் கழித்தும் எண் நகரவில்லை என்றால் இந்த இயந்திரம் எதற்கு என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அளக்க மறுக்கும் மையத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். 30 நாட்களுக்கு மொத்தமாகக் கட்டுவதே தவறு. தழும்பு ஒவ்வொரு வாரமும் மாறும்போது சிகிச்சை மட்டும் எப்படி 30 நாட்களுக்கும் ஒன்றாக இருக்கும்?


பதில் 5: ஓய்வு பெற்ற செவிலியர், அரூர்

அம்மா, இந்த உரையாடலைப் படித்தபோது எனக்கு வேலூரில் பயிற்சி பெற்ற நாட்கள் நினைவுக்கு வந்தன. நமக்குப் பக்கத்துக் கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை மூலம் நிமிர்த்தியவர். அறுவைக்கு முன்பும் பின்பும் பயிற்சி தராமல் அவர் கையைத் தொடமாட்டார் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். இடம் மாற்றிய தசைநாண் புதிய வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா? அவர் வற்புறுத்திய இன்னொன்று உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். தொழுநோயாளிகளின் விரல்கள் தேய்ந்து குறைவதற்குக் காரணம், வலி தெரியாததால் அவர்கள் தங்களை அறியாமல் சுட்டுக்கொள்வதும் காயப்படுத்திக்கொள்வதும்தான் என்பதை அவர் உலகுக்கு எடுத்துக் காட்டினார். உங்கள் கணவரின் முழங்கையில் இப்போது இருப்பதும் வலி தெரியாத தோல்தான். ஓரளவு உணர்வு திரும்ப மாதங்கள் ஆகும். முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். எனவே இயந்திரச் சூட்டை மட்டும் நினைத்துப் பயப்படாதீர்கள். அடுத்த பருவத்தில் அவர் கொப்பரைக்கு அருகில் நிற்பதை நினைத்தும் பயப்படுங்கள். அடுப்பு ஓரத்து வேலையை இந்த ஆண்டு வேறு ஒருவரிடம் விட்டுவிட்டு, அவர் எடை போடவும் கணக்கு எழுதவும் உட்காரட்டும். வெயிலிலும் அந்தக் கையை மூடியே வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒட்டிய தோல் கறுத்துவிடும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அங்கே கட்டணம் இல்லை. அறுவை செய்த மருத்துவமனையில் தந்த சிகிச்சைச் சுருக்கத் தாளையும் மருத்துவரின் குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். தினமும் போக முடியாதென்றால் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அது தொடங்கப்பட்டது. வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் அதில் அடக்கம். இயந்திரங்களைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். ஆனால் பயிற்சியைச் சரியாகச் செய்கிறாரா, ஸ்பிளிண்ட் எங்கே உறுத்துகிறது என்று பார்க்க ஒரு பயிற்சி பெற்ற கண் வந்தால் போதாதா?


பதில் 6: இல்லத்தரசி, பர்கூர்

என் அனுபவம் வேறு வகை. ஆனால் இயந்திரம் உண்மையில் உதவிய ஒரு கதையும் இங்கே இருக்கட்டும் என்று எழுதுகிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்து, முதுகுத் தசையைக் கொண்டு மார்பகத்தை மறுபடி அமைத்தார்கள். அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்ததால் சில மாதங்களில் கை வீங்கியது. காற்று நிரம்பி விரலிலிருந்து தோள் நோக்கி அலையலையாக அழுத்தும் பை போன்ற கருவியை வைத்தார்கள். அதை வைப்பதற்கு முன்பு கழுத்திலும் மார்பிலும் கையால் மென்மையாக நீவி நீருக்கு வழி செய்த பிறகே கருவியை இயக்குவார்கள். முடிந்தவுடன் அடுக்குக் கட்டு போடுவார்கள். ஒரு முறை கட்டு போடாமல் வந்தபோது மாலைக்குள் வீக்கம் திரும்பிவிட்டது. கை சிவந்து காய்ச்சல் வந்தால் கருவியைத் தொடக் கூடாது, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். புற்றுநோய் இருந்த இடத்தில் அல்ட்ராசவுண்ட் சிகிச்சையை வைக்கக் கூடாது என்பதால், எந்த மையத்துக்குப் போனாலும் பழைய நோயை முதலில் சொல்லிவிடுவேன்.


கேள்வி கேட்டவர்: கரும்பாலை வீட்டுப் பெண், கடத்தூர்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரங்கள் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். நீங்கள் எழுதியதைக் கணவருக்குப் படித்துக் காட்டினேன். ஓசூர்த் தம்பியின் விரல் கதைக்கு மட்டும் அவர் பேச்சில்லாமல் இருந்தார். அன்றிலிருந்து இரவில் ஸ்பிளிண்டைக் கழற்றுவதில்லை.

சேலத்துக்குப் போனோம். கம்பியை எடுத்துவிட்டார்கள். ஈரமாக இருந்த இடமும் மூடிவிட்டது. தனியார் மையம் தந்த தாளை அறுவை செய்த மருத்துவரிடம் காட்டியபோது, லேசரையும் அல்ட்ராசவுண்டையும் அடித்துவிட்டு, பின்கைத் தசைக்கு மட்டும் கருவி வைக்கலாம், ஒட்டிய தோலில் படாமல் என்று எழுதிக் கொடுத்தார். உறுத்திய இடத்தில் ஸ்பிளிண்டைச் சூடு காட்டி விரித்துக் கொடுத்தார்கள். இவ்வளவு எளிய வேலைக்கு நாங்கள் மூன்று வாரங்களைக் கெடுத்துக்கொண்டோம். அழுத்த உடைக்கு அங்கேயே அளவெடுத்தார்கள்.

கருவிக்கு வாரம் இரண்டு நாட்கள் தருமபுரி அரசு மருத்துவமனைக்குப் போகிறோம். மற்ற நாட்களில் காலையும் மாலையும் திண்ணையில் உட்கார்ந்து எண்ணெய் தடவி நீவி, 20 முறை நீட்டி மடக்குகிறார். எண்ணுவது எங்கள் மகள். ஆலை அடுப்புக்கு என் தம்பி வர ஒப்புக்கொண்டிருக்கிறான்; அதற்காகக் கூலி போகும் என்ற வருத்தம் அவருக்கு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது.

கிருஷ்ணகிரி ஐயாவுக்கு ஒரு கேள்வி. அளவு நோட்டில் முதல் நாள் முழங்கை நேராவதற்கு 40 டிகிரி குறைவு என்று எழுதினார்கள், நேற்று 30. ஆனால் காலையில் எழுந்ததும் அளந்தால் 30, வேலையெல்லாம் முடிந்து மாலையில் அளந்தால் 35 வருகிறது. இரவு ஸ்பிளிண்டில் நீண்ட கை பகலில் மீண்டும் சுருங்குகிறது என்றால், பகலில் அதைக் கழற்றியிருக்கும் நேரத்தை இன்னும் குறைக்க வேண்டுமா?


பதில் 7: இயன்முறை மருத்துவர், கிருஷ்ணகிரி

ஆம், சகோதரி. ஒட்டிய தோல் இன்னும் சுருங்க முயல்கிறது என்பதைத்தான் அந்த ஐந்து டிகிரி சொல்கிறது. மதிய உணவுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் கூடுதலாக அணியட்டும். ஆனால் மடக்கும் அளவையும் சேர்த்து எழுதுங்கள். நீட்டுவதிலேயே கவனம் வைத்து, சோற்றை வாய்க்குக் கொண்டுபோகும் மடிப்பை இழந்துவிடக் கூடாது. காலை, மாலை இரண்டு எண்களும் ஒன்றையொன்று நெருங்கும் வாரத்தில் எனக்கு எழுதுங்கள். பகல் நேரத்தைக் குறைப்பதைப் பற்றி அப்போது உங்கள் மருத்துவரிடம் கேட்கலாம்.